அம்மாவின் படிவத்தில் நான் நிரப்பிய கட்டம்

ஐஸ்பெட்டிக் கதவில் நான் ஒட்டிவைத்திருந்த தாளில் ஒன்பது வரிகள் இருந்தன. எட்டு வரிகளுக்கு எதிரே சரி போட்டாகிவிட்டது. மிச்சம் இருந்தது கடைசி வரி. 'அம்மா பாஸ்போர்ட்.'

தாளின் தலைப்பில் சிவப்பு மையில் 'அயுத்தயா' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தேன். பாங்காக் தலைநகராவதற்கு முன்னால் சயாமுக்குத் தலைநகராக இருந்த ஊர். எல்லையிலுள்ள பாடாங் பெசாரில் ரயில் ஏறி பாங்காக், அங்கிருந்து இன்னொரு ரயில் என்று எல்லாவற்றையும் நானே தேடிக் குறித்து வைத்திருந்தேன். அம்மாவின் முட்டிவலித் தைலம்வரை அந்தத் தாளில் இருந்தது.

அது ஒரு வியாழக்கிழமை மாலை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் எங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. அரசாங்க அலுவலகங்கள் ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடும். அந்த ஞாயிறு காலைக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அம்மா சமையலறையில் மீனுக்குச் செவுள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம எட்டு மணிக்குக் கெளம்பணும்மா. ஐ.சி.ய எடுத்து வச்சிரு" என்றேன். ஐ.சி. என்றால் எங்கள் ஊர் அடையாள அட்டை.

"இந்த வாரம் வேணாம் பாப்பா."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"பல்லு வலிக்குது. போட்டோவுல மூஞ்சி வீங்கின மாரி வரும்."

"போன வாரம் காலு. இந்த வாரம் பல்லா?"

அம்மா சிரித்தார். "அடுத்த வாரம் என்னா வலின்னு இன்னும் முடிவு பண்ணல லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளி விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட் தீர்ந்துவிடும். அதைவிட முக்கியமாக, அம்மாவை முதன்முதலாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று அலுவலகத்தில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தேன்.

"ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா."

"நான் சொல்லச் சொன்னனா?"

அப்போதுதான் அதைச் சொன்னேன். "ஒனக்குப் பயம். வேற ஒண்ணும் இல்ல. தோட்டத்த விட்டு வந்து இத்தன வருசமாச்சி, தோட்டத்துப் புத்தி மட்டும் போகல."

கத்தி நின்றது. அம்மா குழாயைத் திறந்து கையைக் கழுவினார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்து நிதானமாகக் கழுவினார். பாதி மீன் செவுளோடு கிடந்தது.

"மிச்சத்த எடுத்து மஞ்சத்தூள் போட்டுப் பெரட்டி வை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

இதை எழுதும்போதும் எனக்குக் காதுமடல் சுடுகிறது.

மரம் பிடித்திருக்கும் தலை

அயுத்தயா அம்மாவின் ஆசை. எனக்கு அந்த ஊரின் நினைப்பே இருந்ததில்லை. அந்த ஆசையை ஊட்டியவர் மாலி ஆண்ட்டி.

மாலி ஆண்ட்டி சயாம்காரர். சீக் ஊர்ப்பக்கம் சயாமியர்கள் வாழும் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், பிறந்தவர். நாங்கள் இருந்த வண்டிப்பாலம் ரப்பர்த் தோட்டத்துக்குக் காண்ட்ராக்டில் பால்மரம் வெட்ட வந்து, அம்மாவுக்குப் பக்கத்து மர நிரையில் பல வருடம் வெட்டியவர். தமிழை அந்த நிரையில்தான் கற்றார். இப்போது சுங்கைப் பட்டாணி காலைச் சந்தையில் நாற்றமடிக்கும் பெத்தாய்க் காயும் பச்சையாகத் தின்னும் ஊலாம் கீரையும் விற்கிறார்.

ஒரு வருடம் அவர் தங்கள் புத்தர் கோயில் நாள்காட்டி ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்தார். அதில் ஒரு படம். இடிந்த செங்கல் சுவரோரம் ஓர் அரசமரம். தரையோடு பின்னிக் கிடக்கும் வேர்களுக்கு நடுவே ஒரு புத்தரின் தலை. உடம்பு இல்லை. முகம் மட்டும், தூக்கத்தில் இருப்பதுபோல.

அந்த நாள்காட்டி எங்கள் வீட்டில் அந்த மாதத்தோடு நின்றுபோனது. அம்மா அடுத்த தாளைப் புரட்ட விடவில்லை.

"மரம் தலையப் புடிச்சிருக்கா, தல மரத்தப் புடிச்சிருக்கா?" என்று மாலி ஆண்ட்டியைக் கேட்பார்.

"போய்ப் பாத்தாத் தெரியும் அஞ்சலை. நானும் பாத்ததில்ல."

"வேரு மூஞ்சிய நசுக்கல பாரு. மூக்குக்கிட்ட வந்து ஒதுங்கிப் போயிருக்கு."

அம்மா சொன்ன பிறகுதான் நான் கவனித்தேன். உண்மைதான். ஒரு வேர் கன்னத்தோரம் இறங்கி, மூக்கருகே வந்து, வளைந்து விலகிப் போயிருந்தது. வாழ்நாளில் பாதியை மரப்பட்டைக்கு முன்னால் நின்று கழித்த கண்ணுக்கு அது முதலில் தெரிந்திருக்கிறது. அம்மா படத்தின்மேல் கட்டைவிரலை வைத்து வேரைத் தடவிப் பார்ப்பார். பட்டையின் ஈரம் பார்க்கும் அதே விரல்.

தங்கப் பூமரம்

விஷயம் தெரிந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. அம்மாவுக்கு அயுத்தயாவைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கினேன்.

"ராமரு ஊரா அது?" என்று கேட்டார் ஒருநாள்.

"ராமர் ஊரு பேர வச்ச ஊரும்மா. பர்மாக்காரங்க வந்து எரிச்சிட்டாங்க. அப்புறந்தான் பாங்காக்."

நம் கெடாவிலிருந்து அந்தக் காலத்தில் சயாமுக்குத் தங்கத்தில் பூமரம் செய்து அனுப்புவார்கள் என்பதையும் சொன்னேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை. இலை, கிளை, பூ எல்லாம் தங்கம். அது கப்பமா, நட்புக்கு அடையாளமா என்று இன்றைக்கும் வாதம் இருக்கிறது என்று, பள்ளியில் படித்ததைக் குரலைச் சற்று உயர்த்தியே சொன்னேன். அறியாதவர்களிடம் பேசும் குரல் ஒன்று எனக்கு உண்டு. அதை நான் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "அப்ப நம்ம ஊரு மரம் முன்னாடியே அங்க போயிருச்சி. நாமதான் இன்னும் போகல."

அன்று இரவே அந்தத் தாளை எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினேன்.

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

டீச்சர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது இறந்துபோனார். சம்பளத் தாளில் அவர் கைநாட்டுத்தான் வைப்பார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான், எட்டு வயதில்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் என்னிடம் வரும். கிளினிக் தாள், சேமநிதித் தாள், பள்ளிக்கூடத் தாள். வாசலில் கிடந்த பலகையில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பேன். பெரிய பெரிய ஆட்கள் குனிந்து நின்று "சரியா இருக்கா டீச்சர்?" என்பார்கள். மறுநாள் பொரித்த வாழைப்பழம் வீட்டுக்கு வரும். அந்தப் பெருமை இன்றைக்கும் என்னைவிட்டு இறங்கவில்லை.

இப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், நிலம் வீடு மாற்றும் பத்திரப் பிரிவில் இருக்கிறேன். வருகிறவர்களிடம் தினமும் ஒன்றைச் சொல்வேன். "ஐ.சி.ல உள்ள மாரியே எழுதுங்கண்ணே. ஒண்ணு மாறினாலும் திரும்பி வந்துரும்."

நகரத்து இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் வருடம் நடந்தது ஒன்று. தோட்டத்துப் பேருந்து, உறைந்த ரப்பர் ஒட்டுப்பாலைக் குவித்து வைக்கும் கொட்டகையைத் தாண்டித்தான் வரும். அந்த நாற்றம் அறிந்தவர்களுக்குத் தெரியும், சோப்புப் போட்டாலும் பாவாடை மடிப்பில் தங்கிவிடும். என் பக்கத்து இருக்கை ஷர்மிளாவுக்கு. டவுனில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். ஒரு காலை அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாரோ செத்த எலிய பேக்ல வச்சிருக்காங்கடி" என்றாள்.

நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்காமலே ஒருநாள் சொன்னேன். "எங்கம்மா டவுன்ல பொறந்தவங்க. ஹாஸ்பிட்டல்ல. அப்பாவுக்கு வேல கெடச்சதாலதான் தோட்டத்துல இருக்கோம்." எதற்குச் சொன்னேன் என்று கேட்டால், தோட்டம் எங்களுக்குத் தற்காலிகம் என்று அவள் நினைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜிப் வைத்த பை

அந்த ஞாயிறு காலை நான் எழுவதற்கு முன்பே அம்மா சந்தைக்குப் போய்விட்டார். திட்டம் போட்டுத்தான் போயிருக்கிறார் என்று எனக்குக் கோபம். ஐ.சி. கையோடு போயிருக்கும். அதன் நகலாவது இருக்கும், அதை வைத்து மற்ற வேலையைத் தொடங்கிவிடலாம் என்று அம்மாவின் அலமாரியைத் திறந்தேன்.

போர்வை வாங்கும்போது வருகிற, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. அதில்தான் அம்மா தாள்களை வைப்பார். மேலே என் பள்ளிச் சான்றிதழ்கள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். பட்டமளிப்பு அன்று எடுத்த படம். அப்பாவின் இறப்புப் பத்திரம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழுப்புக் கவர்.

கவருக்குள் ஒரு கடிதம். தங்கள் குடியுரிமை விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று மலாயில் இரண்டே வரி. அதோடு சேர்த்து ஊசி குத்தியிருந்தது விண்ணப்பத்தின் நகல்.

கையெழுத்து என்னுடையது. அந்த வயதில் நான் ஆங்கில 'i' எழுத்துக்கு மேலே புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம் போடுவேன். பக்கம் முழுவதும் குட்டிக் குட்டி வட்டங்கள்.

'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: மருத்துவமனை, சுங்கைப் பட்டாணி.

நான் தரையில் உட்கார்ந்தேன்.

தோட்டத்து லயத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் எங்கள் பக்கம் பலர். அவர்களுக்குச் சிவப்பு அட்டைதான். இங்கேயே பிறந்து, இங்கேயே மரம் வெட்டி, இங்கேயே முடி நரைத்தாலும் குடிமகன் இல்லை. ஓட்டு இல்லை. பாஸ்போர்ட் இல்லை. அம்மாவும் சிவப்பு அட்டைக்காரர். நான் இடைநிலைப் பள்ளி முதல் வருடமான முதலாம் படிவத்தில் இருந்தபோது ஒரு சங்கம் டவுன் கோயில் மண்டபத்தில் இப்படிப்பட்டவர்களைக் கூட்டி, குடிமக்களுக்குரிய நீல அட்டைக்கு மனு எழுதிக் கொடுத்தது. மலாய் நன்றாக எழுதும் மாணவர்களை உதவிக்கு அழைத்தார்கள். எனக்கு ஒரு மேசை. பக்கத்தில் ஷர்மிளா.

அன்று காலையிலிருந்து எத்தனையோ பேருக்கு எழுதினேன். அவர்கள் எந்த லயத்தைச் சொன்னார்களோ அந்த லயத்தை எழுதினேன். ஒரு பிழை இல்லை.

தோட்டத்து வேன் மத்தியானம் வந்தது. தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா என் வரிசையில்தான் வந்து நின்றார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "எம் மவதான். எல்லாத்தையும் அதுவே எழுதும்" என்றார். அம்மாவின் முறை வந்தது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"எங்க பொறந்த?"

"கீழ் டிவிசன், அஞ்சாம் நம்பர் லயம். தண்ணிக் கொழாப் பக்கத்துலேருந்து மூணாவது கதவு." மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். காட்டில் மரத்துக்கு மரம் கூப்பிட்டுப் பேசிய குரல். "மருத்துவச்சி வர்றதுக்குள்ள பொறந்துட்டனாம்."

ஷர்மிளா தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"நீ சும்மா இரும்மா. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுதினேன்.

ஷர்மிளா எட்டி, எழுதியதைப் படித்தாள். ஆமாம், நீ சொல்லியிருக்கிறாய் என்பதுபோலத் தலையாட்டினாள். அம்மா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நான் கற்றுக்கொடுத்த எழுத்துகளில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். அடியில், யாரும் கேட்காமலே, 'எழுதியவர்' என்று என் பெயரையும் வகுப்பையும் எழுதிக் கோடு இழுத்தேன். அந்தக் கோடும் நகலில் இருக்கிறது.

நெடுநாள் கழித்து, "நீல கார்டு வந்திருச்சாம்மா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "வந்திருச்சி, வந்திருச்சி. நீ படி" என்றார். நான் படித்தேன்.

தேர்தல் நாளில், "காலையிலேயே போய்ட்டு வந்துட்டேன்" என்பார். என் விரலில் இருந்த மையைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அம்மாவின் விரலில் மை இருந்ததா என்று பார்க்கவில்லை. அரசாங்க உதவித்தொகைக்கு எழுதட்டுமா என்று கேட்டால், "அது கஷ்டப்படுறவங்களுக்கு. நமக்கு எதுக்கு?" என்பார். என் அம்மாவின் தன்மானம் என்று அதையும் வெளியே சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

சந்தையில்

கவரை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். அம்மாவைக் காணவில்லை. மாலி ஆண்ட்டி குடைக்குக் கீழே பெத்தாயைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒங்கம்மா கோழி வாங்கப் போயிருக்கா. என்னா, மூஞ்சி தொங்கிப் போச்சி?"

நகலை நீட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"அட, இத இன்னும் வச்சிருக்காளா பைத்தியக்காரி."

"அம்மா கார்டு இன்னமும் சிவப்பா ஆண்ட்டி?"

"ஒரே வீட்டுல இருக்கறது நீ. என்னக் கேக்குற?"

அவர் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

"இண்டர்வியூவுக்கு நான்தான் கூடப் போனேன். ஒங்கம்மாவுக்கு மலாய் தெரியும், ஆனா ஆபீஸ்னா தொண்ட அடைச்சிக்கும். அந்த ஆபீசரு நல்ல மனுசன், பொய் சொல்லக்கூடாது. மெதுவாத்தான் கேட்டாரு. மரியாதையா, 'மக்சிக் எங்க பொறந்தீங்க?'ன்னு. இவ லயம் நம்பரு, கதவு நம்பரு, கொழா எல்லாம் சொன்னா. அவரு தாளப் பாத்தாரு. 'இங்க ஹாஸ்பிட்டல்னு போட்டிருக்கே, ரெண்டுல எது நெசம்?'னாரு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அவரு அடியில பாத்து, 'இது யாரு, எழுதினவங்க?'ன்னு ஒம் பேர வாசிச்சாரு. அப்பதான் வாயத் தொறந்தா. 'அது எம் மவ. நான் சொன்னதத்தான் எழுதுச்சி. நான்தான் தப்பாச் சொன்னேன்'னா. நான் கீழேருந்து சேலையப் புடிச்சி இழுத்தேன். கேக்கல. நிமுந்து ஒக்காந்துக்கிட்டா. தப்பாச் சொன்னேன்னு தானே ஒத்துக்கிட்டா, அப்புறம் எப்புடிக் குடுப்பாங்க?"

ஒரு சீனக் கிழவி வந்து பெத்தாயை முகர்ந்து பார்த்தார். மாலி ஆண்ட்டி இரண்டு கட்டைச் சுற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"பஸ்ஸுல வச்சி நல்லாத் திட்டினேன். 'புள்ள தப்பா எழுதிருச்சின்னு சொன்னா என்னா, தூக்குலயா போடுவாங்க?'ன்னு. 'அரசாங்கத் தாள்ல அது பேரு கெட்டுப் போகக் கூடாது மாலி, படிக்கிற புள்ள'ன்னா."

"அப்ப நான் எழுதினது அம்மாவுக்கு முன்னாடியே..."

"எழுத்துத் தெரியாது. பெத்த மவ மூஞ்சி அவளுக்குத் தெரியாதா? அந்தக் கடக்காரப் புள்ள ஒன் பக்கத்துல ஒக்காந்திருந்துச்சாமே. 'எம் மவ மூஞ்சி சின்னதாயிருச்சி மாலி. நானும் சும்மா இல்லாம சத்தமாச் சொல்லிட்டேன்'னு அவதான் வருத்தப்பட்டா. சத்தமாச் சொன்னது தப்பாம்."

கவரை மடியில் வைத்துக் கண்ணைத் துடைத்தேன்.

"அழுவாத லா. பெத்தாய் நாத்தத்துல கண்ணுல தண்ணி வருதுன்னு வாங்குறவங்க ஓடிருவாங்க."

திருத்தம்

இந்தப் பத்திரிகையில் வாரந்தோறும் நான் எழுதிவரும் இந்தத் தொடரின் ஆரம்ப வாரங்களுள் ஒன்றில் என் அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு தோட்டத்துக்கு வந்தவர் என்று. வாசகர்கள் மறந்திருக்கலாம். எனக்கு இப்போது அந்த வரி மட்டும்தான் கண்ணில் தெரிகிறது. எழுதும்போது பொய் என்ற உறுத்தல்கூட இல்லை. பதின்மூன்று வயதில் ஒருத்திக்காகச் சொன்னது, சொல்லிச் சொல்லி எனக்கே உண்மையாகியிருக்கிறது.

பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லி மூலையில் நாலு வரித் திருத்தம் போட்டிருக்கலாம். தப்பு என் பெயரோடு வந்தது. திருத்தமும் என் பெயரோடு, முழுசாக வரட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு நான் வீடு திரும்பியபோது அம்மா வந்திருந்தார். மாலி ஆண்ட்டி தொலைபேசியில் சொல்லிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. கோழியைச் சட்டியில் போட்டுக்கொண்டே பேசினார்.

"ஏம்மா சொல்லல?"

"என்னான்னு சொல்றது? நீ பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டிருந்த. அப்புறம் யுனிவர்சிட்டிக்குப் போன. அப்புறம் வேல." உப்பை எடுத்தார். போட்டார். "அப்புறம் ரொம்ப நாளாயிருச்சி."

மன்னித்துவிடு என்ற சொல் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. அது வாயில் வரவில்லை. "அன்னிக்குத் தோட்டத்துப் புத்தின்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"ஆமா. கேட்டுச்சி."

போகட்டும் விடு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். கோழி வெந்தது. சாப்பிட்டோம்.

மறுநாள் அலுவலகத்தில், "எப்போ கெளம்புறீங்க புனிதா?" என்று கேட்டார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பயணம் தள்ளிப் போகிறது என்றேன். அத்தனையும் தெரிந்த பிறகும், அந்த இடத்தில் என் வாய் அதைத்தான் தேடி எடுத்தது. அவர்கள் இதைப் படிப்பார்கள். அம்மாவுக்கு உடம்பு நன்றாகவே இருந்தது.

சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேறொரு பயணப் பத்திரம் வாங்க வழி உண்டு என்று விசாரித்து வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மறுப்பாகத் தலையாட்டினார்.

"வேணாம் பாப்பா. மொதல்ல நீல கார்டுக்கு இன்னொரு தடவ எழுது. வந்தா எல்லாரும் போற மாரி போவோம்."

"அதுக்கு எத்தன வருசம் ஆகுமோம்மா."

"மரந்தான? எங்கயும் ஓடிராது."

ஐஸ்பெட்டியில் இருந்த தாளை நான் கழற்றப் போனேன். "அது கெடக்கட்டும்" என்றார். கழற்றவில்லை. ஒன்பதாவது வரிக்கு மேலே இடுக்கில் இன்னொரு வரி எழுதினேன். 'அம்மா நீல அட்டை.' அதற்கு எதிரே இன்றுவரை சரி போடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை புதுப் படிவத்தோடு அடுப்படி மேசையில் உட்கார்ந்தோம். அம்மா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பெயர், பிறந்த ஆண்டு, அப்பாவின் பெயர். அந்தக் கட்டம் வந்தது.

"சொல்லும்மா."

அம்மா சொன்னார், மெதுவாக. எனக்கு நேரம் கொடுத்து, ஒவ்வொரு சொல்லாக. எழுதினேன். இப்போது நான் 'i' எழுத்துக்கு மேல் வட்டம் போடுவதில்லை. எல்லாம் முடிந்து பேனாவை அவர் பக்கம் நீட்டினேன்.

"கையெழுத்துப் போடும்மா."

அம்மா பேனாவை வாங்கவில்லை.

"வாசிச்சிக் காட்டு."

எத்தனையோ வருடமாக எத்தனையோ தாள்களில் நான் காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார். பள்ளித் தாள், வங்கித் தாள், வீட்டு வாடகைத் தாள். ஒருமுறைகூட இப்படிக் கேட்டதில்லை.

"முழுசாவா?"

"முழுசா."

பெயரிலிருந்து வாசித்தேன். மலாயில் வாசித்துத் தமிழில் சொன்னேன். அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொன்றுக்கும் ம் போட்டார். பிறந்த இடம் வந்தபோது என் குரல் தானாகத் தணிந்தது. சன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவிடமிருந்து ம் வரவில்லை.

"கேக்கல லா" என்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் வாசித்தேன். வண்டிப்பாலத் தோட்டம், கீழ் டிவிஷன், ஐந்தாம் எண் லயம், மூன்றாவது கதவு. துணி காயப் போட்டவர் திரும்பிப் பார்த்தார்.

அம்மா பேனாவுக்குக் கையை நீட்டினார்.